இணைச்சீருக்கு உட்கார்ந்தவள்

மீனாட்சிபுரத்தில் ராசம்மாளைப் பற்றிக் கேட்டால், மாடு வைத்திருக்கிறவள் என்பார்கள், புருஷனை இழந்தவள் என்பார்கள். தபால் வழியில் சமூகவியல் படிக்கிறவள் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கொட்டகையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "ஒரு ஆளுக்கு ஒரே இடந்தான்னு இல்லீங்கக்கா. மக, அம்மா, அக்கா எல்லாமே ஒருத்திதான். ஊரு அதுல ஒண்ணை மட்டும் புடிச்சுக்குது" என்பாள். நான் அவளுடைய பெரியப்பா மகள். எனக்குப் பாடமெல்லாம் காதில் ஏறாது.

அவள் தம்பி மோகனசுந்தரத்துக்குக் கல்யாணம் கூடிவந்தது. எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவனருகில் உட்கார வேண்டும். கூறைச் சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். புருஷன் இல்லாதவள் மணவறை ஏறக்கூடாது என்பதும் எங்கள் பக்க வழக்கம்தான். இரண்டும் முட்டிக்கொண்டபோது பெரியவர்கள் யோசிக்கவே இல்லை. ராசம்மாளை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள், பட்டுச் சேலையும் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். எனக்கு மனசே ஆறவில்லை. சேலை என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணத்தன்று, சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் காளிச்சாமி மாமா என் பெயரைச் சொல்லி அழைத்தார். பந்தலின் கடைசியில் நின்ற ராசம்மாள் நேராக முன்னால் வந்தாள்.

"ஏனுங்க மாமா, இணைச்சீருக்கு யாருங்க உக்காரோணும்?"

"மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ, அம்மணி."

"அது நானுங்க."

"வேண்டாஞ் சாமி, ஊரு பேசும்" என்று அவளைப் பெற்ற சின்னம்மா அவள் கையைப் பிடித்தாள். மோகனசுந்தரம் சேலை முனையை அக்காவிடம் நீட்டினான். நான் ஒதுங்கி வழிவிட்டேன். சில பேர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள். போகட்டும், பந்தியில் தாராளமாக இடம் கிடைத்தது.

போன ஆவணியில் கோபாலபுரத்தில் ஒரு கல்யாணம். சீர் நடத்தியது அதே காளிச்சாமி மாமா. மாப்பிள்ளையின் தங்கை கணவனை இழந்த சின்னப் பெண். அவள் மணவறைக்கு வந்து உட்கார்ந்தாள். யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. என் பக்கத்தில் ராசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நல்ல காரியத்துல ஏன்டி அழுவற?" என்றேன்.

"அந்தப் புள்ள கேக்கவே இல்லீங்கக்கா. மாமாவே பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு."