பனியன் துணியில் துடைத்த சிடி

அருள்புரத்தில் நான் கணக்குப் பார்த்த பனியன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்ய ஒருவர் வருவார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடும் லினக்ஸ் சிடி ஒன்று இருக்கும். கட்டிங் மேசையில் கிடக்கும் வேஸ்ட் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே, "இது எல்லாத்துக்கும் பொதுச் சொத்துங்க, காசே வேண்டாமுங்க," என்று பேச ஆரம்பிப்பார். ஊரில் ஒருவரும் காது கொடுக்கவில்லை.

வைரஸ் புகுந்து எங்கள் விண்டோஸ் மறுபடி படுத்தபோது, "ஒரு மாசம் பாருங்க சாமி," என்று முதலாளியிடம் கெஞ்சி லினக்ஸைப் போட்டார். அவருக்குக் கிடைத்த ஒரே கம்பெனி எங்களுடையதுதான்.

மாதம் முடிவதற்குள் டைப் அடிக்கும் பெண் அழுதுவிட்டாள்.

"ஏங் கண்ணு, ஓட மாட்டேங்குதா?" என்று கேட்டார் ரிப்பேர்காரர்.

"நல்லாத்தானுங்ணா ஓடுது. ஆனா நாளைக்கு வேற கம்பெனில வேலை கேட்டா, விண்டோஸ் தெரியுமான்னுதானுங்க கேப்பாங்க. இதைப் பழகிட்டு நான் எங்க போறதுங்க?"

அவர் வாதாடவில்லை. தன் கையாலேயே திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "புள்ள சொல்றது நாயந்தானுங்க," என்றார் என்னிடம்.

அடுத்த முறை வந்தபோதும் சிடியை எடுத்துத் துடைத்தார். பேச்சை ஆரம்பிப்பார் என்று நானும் காத்திருந்தேன். துடைத்து முடித்து, பேசாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.