வழிமொழிய ஒரு கை

அமெரிக்க அரசாங்கம் என்ற பாடத்தை ஆக்லாந்தில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரி ஏன் படிப்பிக்க வேண்டும் என்று கேட்டவர்கள் அநேகம். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு நான் பதில் சொன்னதில்லை. மீதிப் பேருக்குச் சொன்ன பதில் அச்சில் ஏற்றக்கூடியதல்ல.

விஷயம் சாதாரணமானது. ஹென்டர்சனுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் பள்ளிக்கூடத்தில், கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒரு வெள்ளைக்கார ஆசிரியர் அந்தப் பாடத்தைத் தொடங்கினார். தொடங்கிய கையோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அரசறிவியலில் பட்டம் வைத்திருந்த ஒரே ஆள் நான் என்பதால் பாடம் என் தலையில் விழுந்தது. தங்கள் தொகுதியின் எம்.பி. யாரென்று தெரியாத பிள்ளைகளுக்கு, அமெரிக்க ஜனாதிபதி அன்று காலையில் யாரைத் திட்டினார் என்பது தெரிந்திருந்தது. எல்லாம் கையிலிருக்கிற போனின் உபகாரம்.

அந்த நாட்டின் மேல் எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனால் அதன் அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு மனிதரைப் பற்றி என்னுடைய அபிப்பிராயமே இருந்தது: ஒருத்தரையும் நம்பக் கூடாது. ஜனாதிபதியின் சட்டையை காங்கிரஸ் பிடித்து இழுக்கும், காங்கிரஸின் சட்டையை நீதிமன்றம் பிடித்து இழுக்கும். இதை விளங்கப்படுத்துகிற ஒரு மணித்தியாலம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். மிச்ச நேரமெல்லாம் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கதிரையில் ஒழுங்காக இருக்கச் சொல்லிக் கத்துகிற வேலை. அந்த ஒரு வகுப்பும் இல்லாவிட்டால் நான் எப்போதோ ராஜினாமா எழுதியிருப்பேன்.

அந்த வருடம் வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். அவளை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. நான் ஒரு மாநிலத்தின் பெயரை 'ஆர்கன்சாஸ்' என்றால் அவள் பின்வரிசையிலிருந்து 'ஆர்கன்சா' என்று திருத்துவாள். தமிழில் ஒரு கேள்வி கேட்டால் ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி திரும்பி வரும். ஜனாதிபதி இரண்டு தவணைக்கு மேல் பதவியில் இருக்க முடியாது என்று நான் சொன்ன அன்று, ஆள் நல்லவராக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். நல்லவர் என்றால் போகச் சொன்னதும் போய்விடுவார், போகமாட்டேன் என்கிறவரை அனுப்பத்தான் சட்டம் என்றேன். அதற்கு மட்டும் அவள் மறுத்துப் பேசவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அவளுடைய தகப்பன்தான் எங்கள் தமிழ் மன்றத்தின் தலைவர். இவள் பால்பல் விழுந்த காலத்திலிருந்து அவர்தான் தலைவர்.

பெற்றோர் சந்திப்புக்கு அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பக்கத்தில் மனைவி. மனைவி ஒரு மருந்தகத்தில் மருந்தாளர், வேலை உடுப்போடு வந்திருந்தார், கடைசிவரை வாய் திறக்கவில்லை. தலைவர் பிள்ளையின் புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், நீங்கள் எங்கட ஆள். பௌதிகவியலை விட்டிட்டு உந்த அமெரிக்கப் பாடத்தைப் படிக்கப்போறன் எண்டு பிள்ளை வரேக்க, நீங்கள் எல்லோ சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கவேணும்."

மருத்துவபீடத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலைக்கு எனக்கு ஒருவரும் சம்பளம் தருவதில்லை என்றேன். அவருக்கு முகம் கறுத்தது. இரண்டு தவணைக் கதையை மகள் சாப்பாட்டு மேசையில் எடுத்து, உங்களுக்கு இது எத்தனையாவது தவணை என்று கேட்டாளாம். அந்தக் கேள்வி ஒரு பிள்ளையின் மூளையில் தானாக முளைத்திருக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை. நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் காரமாக எழுதியிருப்பேன் என்றேன். அப்படியே எழுந்து போனவர் நேரே அதிபரின் அறைக்குத்தான் போனார்.

அடுத்த நாள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். மனிதர் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் கழுத்தை அறுப்பார். வகுப்பு சின்னது, அதை நடத்துவதே பள்ளிக்கூடத்துக்குச் சிரமம், இப்போது ஒரு பெற்றோர் வாய்முறைப்பாடு வேறு சொல்லியிருக்கிறார் என்றார். எழுத்தில் ஒன்று வந்தால் அடுத்த வருடம் அந்தப் பாடம் இல்லை. இதை அவர் மிக அன்பாகச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஹில்ஸ்பரோவில், ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் நடக்கும். கூட்டம் என்று சொல்வது மரியாதைக்கு. தேர்தல் அதற்கு முதல் கிழமையே போனில் முடிந்துவிடும். இன்னார் முன்மொழிவார், இன்னார் வழிமொழிவார், எல்லாருமாகக் கை தட்டுவோம், 'ஏகமனதாகத் தெரிவு' என்று செயலாளர் எழுதுவார். போட்டி வந்தால் சமூகம் உடைந்துவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. உடைந்த இயக்கங்களையும் கட்சிகளையும் கோயில் சபைகளையும் கண்டு பயந்த சனம். அந்தப் பயத்தை மூலதனமாக வைத்து நடக்கிற வியாபாரம் இது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு 'பசிக்குது' என்று தமிழில் சொல்ல வராது, ஆனால் 'முன்மொழிகிறேன்', 'வழிமொழிகிறேன்' இரண்டும் சுத்தமாக வரும். அந்த மண்டபத்துத் தரையில் தவழ்ந்து வளர்ந்த பிள்ளைகள்.

நான் உள்ளே நுழையும்போதே தலைவர் வாசலில் மறித்தார். முறைப்பாட்டை எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"இன்னும் அனுப்பேல்லை. நீங்கள் இண்டைக்கு என்ன செய்யிறியள் எண்டு பாத்திட்டுத்தான் அனுப்புவன்."

நான் ஒன்றும் செய்ய வரவில்லை என்பதுதான் வேடிக்கை. ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன். வழமைபோல முன்பக்கம், ஆண்களுக்கு நடுவில் போய் இருந்தேன். பெண்கள் பின்னால் சமையலறையில் நின்றார்கள். தலைவர் யாரோ அவருடைய மனைவிதான் சமையலுக்குப் பொறுப்பு என்பது மன்றத்தின் சட்ட யாப்பில் எழுதாத விதி. ஆகவே அந்த மருந்தாளர்தான் இத்தனை வருடமும் அங்கே எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றார். மண்டபத்துக்கும் சமையலறைக்கும் நடுவே பரிமாறுகிற ஜன்னல் ஒன்று உண்டு. அதனூடாக அவருடைய தலை தெரியும்.

தேர்தலுக்குத் தற்காலிகத் தலைவர் மேடை ஏறினார். அவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், விதியென்றால் விதி என்கிற ஆள். பிளாட் புஷ் பக்கமிருந்து கார் காராக வந்திறங்கிய தலைவரின் ஆட்களில் ஒருவர் எழுந்து பழைய தலைவரையே முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிய எழப் போனார். அவருக்கு முன்னால் என் வகுப்புப் பெண், தலைவரின் மகள், எழுந்துவிட்டாள். பதினெட்டு முடிந்த கையோடு குடும்பச் சந்தாவில் அவளும் உறுப்பினர். அப்பா ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்துப் பெயரைச் சேர்த்திருந்தார்.

"தெரிவுக்கு ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று முன்மொழிகிறேன்."

வெள்ளைக்கார உச்சரிப்பு, ஆனால் ஒரு சொல்லும் பிசகவில்லை. தலைவர் மேடையிலிருந்து, ஒலிவாங்கிக்கு நேரே கேட்டார்.

"ஆர் உன்னை ஏவிவிட்டது?"

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. வழிமொழிய யாராவது உண்டா என்று தற்காலிகத் தலைவர் கேட்டார். ஒருவரும் இல்லை. நான் கை தூக்கினால் ஏவிவிட்டது நான் என்று அந்த நிமிடமே ஊர் தீர்மானிக்கும், கடிதம் போகும், என்னுடைய ஒரே வகுப்பும் போகும். தூக்காவிட்டால், நான் வருடம் முழுக்க எடுத்த பாடத்தைப் படித்துக்கொண்டு வந்த ஒரே பிள்ளை அங்கே தனியாக நிற்பாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள் மேல், தகப்பன் மேல், பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு முகத்தின் மேலும். கை மடியில் கல்லாகக் கிடந்தது.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் வழிமொழியிறன்."

ஜன்னலுக்குள் தலைவரின் மனைவி. கையில் எண்ணெய்க் கரண்டி.

முன்மொழிந்து வழிமொழிந்த பிறகு தற்காலிகத் தலைவருக்கு வேறு வழியில்லை. நிகழ்ச்சி நிரல் தாள்களைக் கிழித்து, பழைய தலைவர் தொடர வேண்டும், வேண்டாம் என்று எழுதச் சொன்னார்கள். ஒரு பாயாசச் சட்டிதான் வாக்குப் பெட்டி. தலைவர் வென்றார். நன்றாகவே வென்றார். ரகசியமாகக் கேட்டாலும் எங்கள் சனம் பழைய முகத்தைத்தான் கேட்கும் என்பதை நான் ஊகித்திருக்க வேண்டும். எனக்கு அன்று எல்லார் மேலும் வெறுப்பு வந்தது. இப்போதும் முழுதாகப் போகவில்லை.

ஒலிவாங்கியைப் பிடித்து, இப்போது எல்லாருக்கும் திருப்திதானே, தேநீருக்குப் போகலாம் என்றார் தலைவர். அவர் மனைவி ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். தேநீர் இல்லை என்றார்.

"வாற வருஷம் அடுப்படிக்கு ஆர்? அதையும் முன்மொழியுங்கோ."

தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என்று இத்தனை பதவிக்கும் முன்மொழிய முந்திக்கொண்டு எழும்புகிற கூட்டம் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தது. அப்போது மகள் மறுபடி எழுந்தாள். அப்பாவை முன்மொழிகிறேன் என்றாள்.

யாரோ ஒருவர் சிரித்து, பாதியில் நிறுத்தினார். தலைவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். முடிந்தால் கை தூக்கிப் பார் என்று அந்தப் பார்வை சொன்னது. நான் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கி, வழிமொழிகிறேன் என்றேன். மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். யாப்பில் அப்படி ஒரு பதவி இல்லை என்று செயலாளர் தடுமாறிக்கொண்டு சொன்னார். சமையலறை ஜன்னலின் கதவு ஏற்கெனவே இழுத்து மூடியாகிவிட்டது. எல்லாரும் பசியோடு காருக்குப் போனார்கள்.

கடிதம் திங்கட்கிழமை அதிபரின் மேசையில் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பாடத்தை வைத்து ஒரு தகப்பனைப் பலர் முன்னால் அவமானப்படுத்தினேன் என்பது குற்றச்சாட்டு. அப்படிச் செய்தீர்களா என்று அதிபர் அன்பாகக் கேட்டார். செய்தேன் என்றேன். அப்படி எந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தீர்கள் என்று கேட்டு, நான் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் பாடத்தை வெட்டினார். இப்போது நாள் முழுக்க எனக்கு ஒன்பதாம் ஆண்டு. அந்தப் பெண் வெலிங்டனில் சட்டம் படிக்கிறாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

சில மாதம் கழித்து, என் இரத்த அழுத்த மாத்திரைக்கு மருந்தகத்துக்குப் போனேன். தலைவரின் மனைவிதான் எடுத்துத் தந்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"வகுப்பை நிப்பாட்டிப்போட்டாங்களாம்."

"ஓம்."

"நான் அண்டைக்கு உங்களுக்காண்டிக் கதைக்கேல்லை, டீச்சர். இத்தனை வருஷத்தில ஒருநாள் நீங்கள் அந்த அடுப்படிப் பக்கம் எட்டிப் பாத்ததில்லை."

"தெரியும். நானும் உங்களுக்காண்டிக் கை தூக்கேல்லை. அந்த மனுசனுக்கு எதிராத்தான் தூக்கினனான்."

அவர் மாத்திரையைப் பைக்குள் போட்டு, பையின் வாயை மடித்து, என் பக்கம் தள்ளினார்.

"நானும் அதுக்குத்தான்" என்றார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.