சித்தியின் புரோகிராமில் நான் சேர்த்த வரி

எங்கள் வீட்டில் முதன்முதலில் கம்ப்யூட்டர் படித்தவள் சித்தி. அம்மாவின் தங்கை. பிளஸ் டூ முடித்துவிட்டு ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தவள், திடீரென்று ஒருநாள் தண்டையார்பேட்டையில் மாடியில் நடந்துகொண்டிருந்த ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். ஆறு மாதப் படிப்பு. விஷுவல் பேசிக், டேட்டாபேஸ் என்று போர்டில் எழுதியிருந்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேரை உட்காரவைத்தார்கள். கீபோர்டு கைக்கு வரும் நாள் அவளுக்கு நல்ல நாள். மற்ற நாட்களில் பக்கத்துப் பெண் அடிப்பதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வருவாள்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு, கான்வென்ட்டில் இங்கிலீஷ் மீடியம். சித்தி படித்தது தமிழ் மீடியம். அதனால் அவளுடைய ஸ்பைரல் போட்ட பாடப் புத்தகத்தை நான்தான் வாசித்துக் காட்டுவேன். எனக்கு வாசிக்க வரும், புரியாது. அவளுக்கு வாசிக்கச் சிரமம், வாசித்துக் காட்டினால் பாதியாவது புரிந்துவிடும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழுப் புரோகிராமர் என்று சித்தி சொல்வாள். நான் அதை நம்பினேன்.

அந்தக் கோடையில் கடற்கரையோரக் குடிசைகள் எரிந்துபோயின. ஒரு மத்தியானத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஓட்டு வீடாக இருந்ததால் தப்பித்தது. குடிசைக்காரர்கள் கோயில் மண்டபத்தில் வந்து படுத்துக்கொண்டார்கள். எர்ணாவூரில் கட்டி முடித்த குடியிருப்பு ஒன்று காலியாக இருக்கிறது, பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலைக் கொடுத்தால் வீடு ஒதுக்குகிறோம் என்று அரசாங்கத்தில் சொன்னார்கள். பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு வந்தது. கையால் எழுதினால் சங்கத்துக்காரர்கள் தங்கள் ஆட்களைச் செருகிவிடுவார்கள் என்று ஜனங்கள் சத்தம் போட்டதால், சங்கச் செயலாளர் கம்ப்யூட்டர் லிஸ்ட்டே போட்டுவிடலாம் என்றார். மிஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது என்று அவர் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

சித்தியைக் கூப்பிட்டார்கள். வேலை ஒழுங்காக முடிந்தால் கன்டெய்னர் யார்டு ஆபீஸ் ஒன்றில் சொல்லி அவளை உட்காரவைப்பதாகச் செயலாளர் சொன்னார். சித்தி அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

சங்க அறை கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. யாரோ கழித்துக் கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்றை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். சித்தி பயிற்சி மையத்தில் செய்து ஃப்ளாப்பியில் கொண்டுவந்த புரோகிராம் முதல் நாள் ஓடவே இல்லை. அங்கே டேட்டாபேஸை டி டிரைவில் வைத்திருந்தாள். இந்த மிஷினில் டி டிரைவே கிடையாது. அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது. பிறகு டி'குருஸ் என்ற ரயில்வே பென்ஷன்காரர் வந்தார். அவர் பெயரை அடித்துப் பட்டனை அழுத்தியதும் புரோகிராம் படுத்துவிட்டது. பெயருக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்னக் கொக்கிதான் காரணம் என்று நான்கு தடவை அடித்துப் பார்த்த பிறகு தெரிந்தது. கொக்கியை எடுத்துவிட்டுப் போட்டோம். பெரியவர், தன் தாத்தா காலத்துக் கொக்கி அது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பெரிய தொல்லை அடுத்த நாள் வந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் மற்றவர்களோடு கலந்துவிடாத ஒரு அடையாளம் வேண்டும், அதற்குக் கீ என்று பெயர் என்று சித்திக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வகுப்பில் காட்டிய உதாரணத்தில் மாணவர்களின் ரோல் நம்பர் கீயாக இருந்தது. குடிசை எரிந்தவர்களுக்கு ஏது ரோல் நம்பர்? ரேஷன் கார்டும் சேர்ந்தே எரிந்துவிட்டது. அதனால் சித்தி பெயரையும் புருஷன் அல்லது தகப்பன் பெயரையும் சேர்த்துக் கீயாக வைத்தாள். எங்கள் பக்கத்தில் எத்தனை ஆரோக்கியமேரிகள், எத்தனை அந்தோணிகள் என்று அவளுக்குத் தெரியாததில்லை. அது கம்ப்யூட்டருக்கு ஒரு பிரச்சினையாக இருக்கும் என்றுதான் தோன்றவில்லை.

அன்று வரிசையில் நின்றது கல்மண்டபம் மார்க்கெட்டில் கருவாடு விற்கும் ஆரோக்கியமேரி. புருஷன் பெயர் அந்தோணி. எனக்கு அவளை நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்கள் பெஞ்சுக்கு முன்னால்தான் உட்காருவாள். அவள் பெயரைப் போட்டதும் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று திரையில் எழுந்து நின்றது. புரோகிராம் நின்றுபோனது.

"இன்னாடி எயுதிகீது அதுல?" என்று சித்தி கேட்டாள்.

நான் கணீரென்று வாசித்தேன். இரண்டாவது தடவையும் வாசித்தேன். இதே மதிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்ற மாதிரி ஏதோ இருந்தது. சித்தி தேடிப் பார்த்தாள். உண்மைதான், முதல் நாளே ஒரு ஆரோக்கியமேரி, புருஷன் அந்தோணி, பதிவாகியிருந்தாள். அது பீச் ரோட்டு ஆரோக்கியமேரி. இவள் வேறு. இவள் வேறு என்று கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது என்று சித்திக்குத் தெரியவில்லை. பயிற்சி மையத்துச் சாருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள்.

செயலாளர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, லைன் அப்டியே நின்னுகினு கீது. வியாயக்கெயம லிஸ்ட்டு குட்த்தாவணும்."

அறையில் நான் மட்டும் இருந்தேன். வெயிலில் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஸ்பைரல் புத்தகத்தைப் புரட்டினேன். பிழைகளைக் கையாளுதல் என்ற பாடத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி இருந்தது. ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். பிழை வந்தால் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும் என்று போட்டிருந்தது. எங்களுக்கு வேண்டியது அதுதானே? சித்தி எழுதியிருந்த வரிகளுக்கு மேலே அதைச் சேர்த்து ஓட்டினேன். ஆரோக்கியமேரியின் பெயரை மறுபடி அடித்துப் பட்டனை அழுத்தினேன். சாம்பல் பெட்டி வரவில்லை. சித்தி கடைசியில் வைத்திருந்த வரிப்படி, பதிவாகிவிட்டது என்ற பெட்டி வந்தது.

"பதிஞ்சாச்சு ஆன்ட்டி," என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுவிட்டுப் போனாள். கையில் கருவாட்டு வாசனை.

சித்தி திரும்பி வந்தபோது வரிசை பாதி கரைந்திருந்தது. சார் சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டாராம். நான் புத்தகத்தைப் பார்த்துச் சரி செய்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் முகத்தில் இருந்த களைப்பில் அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை போலும். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் புரோகிராம் நிற்கவில்லை.

வரிசையில் வந்தவர்கள் எழுதிக் கொடுத்த ஃபாரங்கள் மொத்தம் இருநூற்று நாற்பது. அச்சடித்த பட்டியலில் இருநூற்றுப் பதினேழு பெயர்கள் இருந்தன. நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

வீடு ஒதுக்கிய நாளில் பட்டியலைக் கோயில் மண்டபச் சுவரில் ஒட்டினார்கள். ஆரோக்கியமேரி, கணவர் அந்தோணி என்ற ஒற்றை வரிக்கு முன்னால் மூன்று பெண்கள் நின்று, மூவரும் அது தன் பெயர் என்று விரலை வைத்தார்கள். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒருத்தியின் கையில் மட்டும் சீட்டைக் கொடுத்து அனுப்பியபோது மற்ற இரண்டு பேரும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் அங்கே இருபத்துமூன்று குடும்பங்கள் நின்றன. பட்டியலின் அடியில், பேனாவால், எங்களுக்குத் தெரியாத இருபத்துமூன்று பெயர்கள் சேர்க்கப்பட்டிருந்தன என்பதும் அன்றுதான் தெரிந்தது. கேட்டதற்கு, மிஷின் லிஸ்ட்டு குறைவாக வந்தது, மிச்ச வீட்டைக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுத்தோம் என்று செயலாளர் சொன்னார். விடுபட்டவர்கள் ஃபாரமே கொடுக்கவில்லை, இப்போதுதான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஃபாரத்தில் தேதியோ முத்திரையோ கிடையாது. விசாரிக்க அரசாங்கத்திலிருந்து ஒரு ஆபீசர் வருவதாகச் சொன்னார்கள்.

சித்தி மறுநாள் முழுக்கச் சங்க அறையில் உட்கார்ந்து புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். என் வரியில் அவள் விரல் நின்றது. எழுத்துக்கூட்டி அவளே வாசித்தாள். பிறகு அந்தப் பாடத்தை என்னை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இந்த முறை எனக்கும் கொஞ்சம் புரிந்தது: அந்த வரி பிழையைச் சரி செய்யாது, மறைத்துவிடும். சித்தி என்னைத் திட்டவில்லை. அந்த வரியை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

"நாளைக்கு ஆபீசர் வராரு. இதத்தான் காட்டணும்," என்றாள்.

காட்டணும் என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. சித்தி என்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறாள். ஆபீசர் வருவார், போலீஸ் வரும், கான்வென்ட்டில் டி.சி. கொடுத்துவிடுவார்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மறுநாள் காலைப் பூசை முடிந்து வரும்போது சங்க அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் கம்ப்யூட்டரைப் போட்டு, அந்த ஒரு வரியை அழித்து, சேவ் செய்துவிட்டு வந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆபீசர் பதினோரு மணிக்கு வந்தார். செயலாளர் அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கருவாடு விற்கும் ஆரோக்கியமேரியும் மற்றவர்களும் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். சித்தி புதுச் சுடிதார் போட்டிருந்தாள். நடுங்காத குரலில் சொன்னாள்: இந்தப் பெயரைப் போட்டால் பதிவாகிவிட்டது என்று மிஷின் சொல்லும் சார், ஆனால் உள்ளே பதிவாகாது, இவர்கள் எல்லோரும் அன்றைக்கே ஃபாரம் கொடுத்தவர்கள், புரோகிராம்தான் விழுங்கிவிட்டது. சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினாள்.

சாம்பல் பெட்டி எழுந்து நின்றது.

ஆபீசர் குனிந்து வாசித்தார். அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. "தப்புன்னு தெளிவா சொல்லுதேம்மா. நிக்கவும் நிக்குது. அப்புறம் எப்படித் தெரியாம விடும்?"

சித்தி வரிகளைத் திறந்து பார்த்தாள். மேலும் கீழும் ஓட்டினாள். கையிலிருந்த தாளைப் பார்த்து, நேற்று வரை இந்த வரி இங்கே இருந்தது என்று சொல்லி, அதை மறுபடியும் அடிக்கப் போனாள்.

"இப்ப உன் கையாலயே எயுதிட்டு, அப்பவே இருந்துச்சுன்னா இன்னாம்மா அர்த்தம்?" என்றார் செயலாளர், ரொம்ப அமைதியாக.

சித்தியின் கை கீபோர்டின் மேல் நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"என் தப்புதான் சார்," என்றாள் சித்தி. "நான்தான் கவனிக்கல."

ஆபீசர் எழுதிக்கொண்டு கிளம்பினார். கூட்டம் கலைந்தபோது ஆரோக்கியமேரி என்னிடம் வந்தாள். கோபமே இல்லாமல்தான் கேட்டாள்.

"நீதான பாப்பா பதிஞ்சாச்சுன்னு சொன்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி நடுவில் வந்தாள். "அது கொயந்த ஆரோக்கியம். அதுக்கு இன்னா தெரியும்?"

செயலாளருடைய மச்சானுக்கு எர்ணாவூரில் இரண்டாவது மாடியில் வீடு கிடைத்தது. ஒரு வருஷம் தார்ப்பாய்க்குக் கீழே இருந்துவிட்டு, அந்த வீட்டுக்கே ஆரோக்கியமேரி வாடகைக்குப் போனாள். சித்தி கடைசிப் பரீட்சை எழுதவில்லை. சில மாதங்களில் எண்ணூர் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். தெருவில் அவளைப் பார்த்தால் பேச்சை நிறுத்தும் வீடுகள் பல வருஷம் இருந்தன. டேட்டாபேஸ் வேலையில் சம்பாதிப்பவள் நான்தான்.

சித்தி அந்த வரியைத்தான் காட்ட நினைத்தாள், என்னை இல்லை. இருபத்துமூன்று குடும்பங்களும் அன்றைக்கே வரிசையில் நின்றன என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அது. யார் எழுதியது என்று கேட்டிருந்தால் தன் பெயரைத்தான் சொல்லியிருப்பாள். இது எனக்குப் புரிய, நானே இன்னொருவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் வயது வர வேண்டியிருந்தது.

ஆபீசர் வந்துபோன அன்று மத்தியானம் வீட்டுக்குப் போகும் வழியில் சித்தி எனக்கு ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு லாரிகளைப் பார்த்துப் பார்த்து ரோட்டைக் கடந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வரியை அழித்தது நான் என்று சித்தி கண்டுபிடிக்கவில்லை என்ற நிம்மதியில், சொட்டு கீழே விழாமல் முழுவதையும் தின்று முடித்தேன்.