தகரத்தில் தண்ணீர் விரிந்த நாள்

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை மூடி எங்களை மலையிலிருந்து இறக்கிவிட்ட பிறகு எனக்குக் கிடைத்த வேலை தகரம் துடைப்பது. கங்கைகொண்டான் பக்கம் ஒரு பட்டறை. பெரிய கட்டடங்களுக்கு ஏசி காற்றைக் கொண்டுபோகும் தகர டக்ட்டுகள் செய்வார்கள். மூட்டில் காற்று ஒழுகாமலிருக்க சீலன்ட் பசை பூசவேண்டும். அதற்குமுன் தின்னரில் நனைத்த துணியால் தகரத்தின் எண்ணெய் போகத் துடைப்பது என் பொறுப்பு. தேயிலை கிள்ளிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன்.

அந்த இளக்காரத்துக்கு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஒரு ஆஸ்பத்திரிக்கான டக்ட்டின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளே காற்றடைத்துச் சோதித்தபோது, மூட்டுக்கு மூட்டு நுரை கொப்பளித்தது. காய்ந்த பசையை நகத்தால் நெம்பினால் முழுசாக உரிந்து வந்தது.

“ஏம்மா, நீ ஒழுங்கா தொடச்சாத்தான ஒட்டும்? அடுத்த தடவயும் ஒழுகிச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்” என்றார் சூப்பர்வைசர்.

சுருக்கென்றது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் துடைத்திருந்தேன். மலையிலிருந்துதான் இறங்கியாயிற்று, இங்கிருந்துமா? கோபத்தில் தண்ணீரை மடமடவென்று குடித்தபோது, துடைத்து வைத்திருந்த தகரத்தில் கொஞ்சம் சிந்தியது. சேம்பிலையில் நிற்பதுபோல முத்து முத்தாக நின்றது. அப்படியென்றால் எண்ணெய் போகவேயில்லை!

துருப்பிடிக்காமலிருக்க ஆலையிலேயே பூசி அனுப்புகிற எண்ணெய் அது. காலையிலிருந்து ஒரே துணியால் துடைத்து, அதை எல்லா இடத்துக்கும் பரப்பியிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான். கண்டுபிடித்ததும் நான்தான். அந்தச் சந்தோஷத்தில் தப்பு பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து எடுத்துப்போனேன். ஒட்டாத பசையைச் சுரண்டினேன். ஒரு துணியில் தின்னர். அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் ஒரே இழுப்பு. அழுக்கான துணி உடனே குப்பைக்கு. பிறகு தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். முத்தாக நின்ற இடத்தை மறுபடி துடைத்தேன். சீராக விரிந்த இடத்தை உலரவைத்த பிறகே பசை பூசவிட்டேன்.

“என்ன, தகரத்துக்குத் தீர்த்தம் தெளிக்கியோ?” என்றார் சூப்பர்வைசர்.

“ஆமா அண்ணாச்சி. ஒட்டட்டும், பொறவு பேசுவோம்.”

பசை இறுகியதும் காற்றடைத்தார்கள். ஒரு மூட்டில்கூடக் கொப்புளம் இல்லை. நம்பாமல் அவரே நகத்தால் நெம்பினார். நகம்தான் மடங்கியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கச் சிரித்தேன்.

மறுநாள் காலை நான் போனபோது, அவர் ஒரு புதுத் தகரத்தின்மேல் குனிந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“இங்கன பாரும்மா, முத்தா நிக்கி. தொடைக்கணும்லா?”

“தொடைக்கணும் அண்ணாச்சி” என்று இரண்டு துணிகளை அவர் கையில் கொடுத்தேன்.