தாழிட்ட பெட்டி

போத்தனூர்ப் பக்கம் நிலபுலமுள்ள ஒரு பண்ணாடி, கழித்துவிட்ட ரயில் பெட்டிகளை ஆசைக்கு வாங்கித் தோட்டத்தில் நிறுத்தியிருந்தார். அவர் செத்ததும் மகன் இரும்புக்கு விற்றார். மரத்தை எரித்து இரும்பெடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன்.

பெட்டிகளுக்குக் காவலிருந்தவர் ஒல்லி. பொத்தான் இல்லாத காக்கிக் கோட்டு போட்டிருப்பார். எந்தப் பெட்டியிலிருந்து இறங்கினாலும் கதவைத் தாழிடுவார். கடைசிப் பெட்டியில்தான் குடியிருந்தார். அதைவிட்டு இறங்க மாட்டேன் என்றார். எங்கள் மேஸ்திரி கடப்பாரையால் தோளில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. காலைப் பிடித்து இழுத்து வெளியே எறிந்தோம்.

அவர் எழுந்து, நல்ல கையால் கதவைச் சாத்தித் தாழிட்டார்.

"எரியப்போற பெட்டிக்குத் தாழ் எதுக்குங்க?" என்றேன்.

"ஏன் கண்ணு, கதவு தொறந்திருந்தா வண்டி கெளம்பலாமா?" என்றார்.

தீ வைத்தோம். அவர் துண்டை எடுத்து, வண்டி கிளம்பக் காட்டும் கொடிபோல ஆட்டினார். அழுதாரா, எங்களைக் கேலி செய்தாரா, இன்னும் எனக்குத் தெரியவில்லை.