பேர் சொல்லும் வசனம்

காரைக்குடியில் நடக்கும் படப்பிடிப்புகளில் கூட்டத்தோடு நின்றுவந்த அழகிக்கு முதன்முதலாக ஒரு வசனம் கிடைத்தது. செத்துக் கிடக்கும் புருஷனைப் பேர் சொல்லி அழ வேண்டும். பேர் கருத்தையா. போன வருஷம் இறந்த அவள் கணவன் பேரும் அதுதான். அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதே இல்லை.

"மச்சான்னு அழுகட்டுமா தம்பி?"

"நடிக்க வந்தா சொந்தக் கதையை வீட்டுல வச்சிட்டு வரணும்க்கா. இல்லாட்டி கடைசி வரைக்கும் கூட்டத்துலதான் நிப்பீக," என்றான் படப்பிடிப்புக்கு ஆள் கூட்டிவரும் ஏஜென்ட் பாண்டிமுருகன்.

கேமரா ஓடியது. வாய் திறந்தது, பேர் வரவில்லை. வசனம் கூட்டத்தில் பக்கத்தில் நின்ற சுபலட்சுமிக்குப் போனது. "கருத்தையா!" என்று அவள் அலறியதும், பின்னால் நின்ற அழகி வெடித்து அழுதாள்.

"உங்க சத்தம் மைக்குல விழுகுதுக்கா. அங்குட்டுப் போங்க," என்றான் பாண்டிமுருகன்.