பாவு பிடித்தவர்கள் கேட்ட கவிதை

கலைவாணி கவிதை எழுதுகிறாள் என்பது பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவுக்கே தெரியும். என்ன எழுதுகிறாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

கூரம் கிராமத்தில் பிறந்து, பட்டு நெசவாளி கைலாசம் வீட்டு மருமகளாகக் காஞ்சிபுரத்துக்கு வந்தவள். ராட்டையில் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றும்போது மனசுக்குள் வரிகள் ஓடும். ஒரு தார் நிறைந்து அடுத்ததை மாட்டுவதற்குள் செல்போனில் தட்டிவிடுவாள். முதல் கவிதை சிறுபத்திரிகையில் வந்தபோது கணவன் சிவராஜ் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினான். எதிர்வீட்டுத் தில்லையம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தாள்.

"பாட்டுனா பாடணும்மா. இது என்னாமா, நீ என்னாண்ட பேசறாப்லயே இருக்குது!"

அதைவிடப் பெரிய பாராட்டு தனக்கு இனி வரப்போவதில்லை என்று கலைவாணி அன்று ராத்திரி தூங்கவே இல்லை!

அப்படிப்பட்டவளுக்கு இப்போது ஒரு புத்தகமே வந்துவிட்டது. இன்று சாயங்காலம் ராஜவீதி மண்டபத்தில் வெளியீடு. ஆனால் அவள் நெஞ்சில் சந்தோஷம் பாதி, நெருப்பு பாதி. காரணம், அந்தப் புத்தகத்தின் முதல் கவிதை.

அது போன புரட்டாசியில் காலமான மாமியார் வடிவாம்பாளைப் பற்றியது. பத்திரிகையில் வந்தபோதே பக்கத்துவீட்டு இளங்கோவன் டீக்கடையில் அதன் முதல் மூன்று வரியைப் படித்துவிட்டு, நேராக மாமனாரிடம் ஓடினார்.

"கைலாசம், உன் மருமவ எழுதி இருக்குதுபா. நீ வெளிய போனாதான் வடிவாம்பா சிரிக்குமாம்!"

அன்றிலிருந்து கைலாசம் மருமகள் கையால் காபி வாங்குவதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டார்.

"நாப்பது வருஷம் கூட வாழ்ந்தவள நான் சிரிக்கக்கூட விடலியாம்மா?"

"மாமா, முழுசா ஒரு தடவை கேளுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவள் வாயைத் திறந்தாலே செருப்புச் சத்தம்தான் பதில். கலைவாணியும் பிடிவாதக்காரி. மாமா காதால் கேட்காத கவிதையை மேடையில் படிக்கமாட்டேன் என்று சிவராஜிடம் சத்தியமே செய்துவிட்டாள். பதிப்பாளரோ அதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கேட்க மறுப்பவரை எப்படிக் கேட்க வைப்பது?

வெளியீட்டு நாள், விடிந்தும் விடியாத நேரம். கைலாசத்தின் பாவு அன்று தெருவுக்கு வந்தது. பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு விரித்து, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். புதுசாகப் போட்ட சிமெண்ட் ரோட்டில் முளை அடிக்க இடமில்லை. ஆகவே மேற்கு முனைக் கயிற்றை இடுப்பில் சுற்றி, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கைலாசமே பின்னால் சாய்ந்து நின்றார். கிழக்கு முனையில் சிவராஜ். நடுவில் தெருவே பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒருவர் விட்டால் போதும், அத்தனை இழையும் சிக்கிப் பாழாகிவிடும்.

கஞ்சிப் பாத்திரத்தோடு நின்ற கலைவாணிக்குச் சட்டென்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மாமாவால் இப்போது எங்கேயும் போக முடியாது!

பாத்திரத்தைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் ஓடிப் புத்தகத்தோடு வந்து, பாவின் நடுவில் நின்றாள்.

"மாமா, படிக்கப்போறேன். பிடிக்கலனா பாவு சுருட்டினதும் சொல்லுங்க, சாயந்திரம் படிக்கல."

"ஏய், பாவு பிடிச்சிக்கினு இருக்கோம்மா, இப்ப போயி..." என்றார் இளங்கோவன்.

"நீ கம்னு இரு! மூணு வரி படிச்சிட்டு மூட்டி விட்டவன் நீதான்!" என்றாள் தில்லையம்மாள்.

கலைவாணி புத்தகத்தைப் பிரித்தாள்.

"மாமாவின் சைக்கிள் மணி
முனை திரும்பி மறைந்ததும்
எங்கள் வீட்டில் ஒருத்தி சிரிப்பாள்."

கைலாசம் தலையைக் குனிந்துகொண்டார். கை மட்டும் கயிற்றை விடவில்லை. அத்தை, காப்பாற்றுங்கள் என்று மனசுக்குள் கதறிக்கொண்டே கலைவாணி தொடர்ந்தாள்.

"அவர் துண்டு அவள் தோளில்.
அவர் இருமல் அவள் தொண்டையில்.
கூடத்தில் மாமாவாக நடப்பாள் அத்தை.
நான் வாயைப் பொத்திக்கொள்வேன்."

"சத்தமா படி!"

எல்லோரும் திரும்பினார்கள். குரல் மேற்கு முனையிலிருந்து வந்தது.

"இந்தாண்ட சரியா கேக்கல. சத்தமா படிம்மா!"

கலைவாணி தொண்டை கிழியப் படித்தாள்.

"இன்று துண்டு கொடியில் தொங்குகிறது.
மணி போகிறது, வருகிறது.
அவரைப் போல் நடக்க
இந்த உலகத்தில்
இப்போது அவர் ஒருவர்தான்."

பாவின்மேல் வைத்திருந்த அவள் விரல் நுனியில்தான் முதலில் அது தெரிந்தது. இழைகள் துடித்தன. மேற்கிலிருந்து கிழக்கே, தெரு நீளத்துக்கும் நடுக்கம் ஓடியது. அழுகிறாரா? நிமிர்ந்து பார்த்தாள். கைலாசம் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்! கன்னத்தில் தாரை தாரையாகத் தண்ணீர். துடைக்கத்தான் கை இல்லை.

"பாவு ஆடுதுபா! நைனா, பாவு!" என்று கிழக்கிலிருந்து அலறினான் சிவராஜ்.

"ஆடட்டும்டா! என்ன மாதிரி நடந்து காட்டுவாளாமே! என்னாண்ட ஒரு தபா காட்டலியே, கள்ளி!"

கலைவாணி அவரிடம் ஓடினாள். அவர் கழுத்தைச் சாய்த்துத் தோளைக் காட்டினார்.

"இந்தத் துண்ட எடு. எப்டி நடப்பா? காட்டு."

"இங்கயா மாமா? தெருவுலயா?"

"மண்டபத்துல நாலு பேர் முன்னால படிக்கப்போற. இங்க நடக்க என்ன வெக்கம்? நட!"

துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். நெஞ்சை நிமிர்த்தி, ஒரு காலை லேசாக வெளியே வீசி, இரண்டு தடவை கனமாக இருமிவிட்டு, பாவின் ஓரமாகவே நடந்தாள். தில்லையம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிடித்திருந்த கையெல்லாம் ஆடின. "பாவு! பாவு!" என்று கத்திய சிவராஜாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதேதான்! அப்டியேதான் நானு!" என்று கைலாசம் கூவினார். "டேய் இளங்கோவா, சாயந்திரம் சீக்கிரமா போயி முன்னால எனக்கு ஒரு சேர் பிடிச்சி வை. நீ பின்னால குந்து!"